ரங்கூன் காலத்துத் தோட்டாவும் அதன் அடியில் இருக்கும் பட்டையும்

பள்ளத்தூரில் பூர்வீக வீடு உள்ள ஒருவர் கேட்டிருப்பது, சுருக்கமாக, இது. அவருடைய ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, ரங்கூனில் கடை வைத்திருந்தபோது வாங்கிய .375 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) ரைபிள் ஒன்று குடும்பத்தில் இருக்கிறது. அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்தது. அப்பா காலமானதும் துப்பாக்கியை முறைப்படி மதுரையில் ஒரு டீலரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது வீட்டைப் பழுதுபார்க்கும்போது, மேல்மாடி அறையில் ஒரு மரப்பெட்டிக்குள் கைனாக் என்ற பழைய ஆங்கிலேயத் தோட்டாக் கம்பெனியின் சிவப்பும் மஞ்சளுமான அட்டைப்பெட்டிகள் அகப்பட்டிருக்கின்றன. படம் எடுத்துப் பொதுவில் போட்டுமிருக்கிறார். சில தோட்டாக்கள் சுடாதவை. மற்றவை சுட்டு முடித்த வெற்றுக் கூடுகள். ஹூஸ்டனில் இருக்கும் பங்காளி ஒருவர், “நான் இங்கே வீட்டிலேயே தோட்டா நிரப்பிக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது டையும் துப்பாக்கி மருந்தும் கொண்டுவருகிறேன், நீ லைசென்ஸை மட்டும் உன் பெயருக்கு வாங்கி வை” என்கிறாராம். கூட்டின் அடியில் மோதிரம் போல ஒரு பட்டை ஓடுகிறதே, அது இருப்பதால் இந்தக் கூடு மற்றவற்றைவிடப் பலமானதுதானே, பழையதாக இருந்தாலும் நம்பி நிரப்பலாமா என்று கேட்கிறார்.

மருந்தின் அளவையோ, கூட்டை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சான டையின் பெயரையோ அவர் கேட்கவில்லை. அந்தப் பட்டையை நம்பலாமா என்று கேட்கிறார். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார் என்பதால்தான் நீளமாக எழுதத் தோன்றியது. நான் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு மகனோடு டெக்ஸாஸில் இருந்த ஆண்டுகளில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் வேலை பார்த்தேன். தோட்டா நிரப்பும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. இப்போது தேவகோட்டைவாசி, அந்த வேலை எதுவும் இங்கே செய்வதில்லை. பட்டையைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் முதலில், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

சுடாத தோட்டாக்கள் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அப்பாவோடு முடிந்தது. பெட்டிக்குள் இருப்பது தெரியாமல் இத்தனை காலம் இருந்தது வேறு விஷயம். ஆயுதத்தைக் கைவசம் வைத்திருப்பது குற்றமாக வேண்டுமானால் அது தன்னிடம் இருக்கிறது என்ற அறிவும் சேர்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. படம் எடுத்துப் பொதுவில் போட்ட பிறகு, தெரியாது என்று சொல்ல வழியில்லை. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போன ஆயுதத்தையும் தோட்டாவையும் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ரைபிளை எடுத்துக்கொண்ட டீலருக்கே போன் செய்யுங்கள். அப்பாவின் லைசென்ஸ் நகல், ரைபிளை ஒப்படைத்த ரசீது, எத்தனை தோட்டா, அடியில் என்ன பொறித்திருக்கிறது என்ற பட்டியல் இவற்றோடு ஊர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து, கையொப்பம் போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பையில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். எப்படிக் கொண்டுவருவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. நம் பக்கத்தில் வீட்டைக் காலி செய்யும்போது பித்தளைச் சாமான் என்று எதையும் மொத்தமாக எடை போட்டுக் கொடுத்துவிடுகிற பழக்கம் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு எத்தனையோ பெட்டகங்களின் உள்ளடக்கம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் குவியலில் மருந்தோடு ஒரு தோட்டா கலந்து, அது உருக்குகிறவரின் உலை வரைக்கும் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழுதுபார்க்கும் கொத்தனார்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைத்து, அந்த அறையைப் பூட்டுங்கள்.

இனி பட்டை. எந்தத் தோட்டாவும் குழலின் பின்புறம் உள்ள அறைக்குள் போய் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். மேலும் முன்னால் போகக் கூடாது. பின்னால் போல்ட்டின் (அறையைப் பின்புறம் அடைக்கும் நகரும் எஃகுத் தண்டு) முகம் தாங்கிக்கொள்ள வேண்டும். முன்னால் போகாமல் எது நிறுத்துகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. பழைய வகையில் அடியில் அகலமான விளிம்பு இருக்கும். நம் ஊர் 12 போர் தோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த விளிம்பு குழலின் வாயில் உட்கார்ந்துவிடும். பிறகு வந்த வகையில் விளிம்பு கிடையாது; கூடு குறுகி கழுத்தாகும் இடத்தில் இருக்கும் சரிவு, அதாவது தோள், அறையின் தோளில் போய் முட்டி நிற்கும். விளிம்பு இல்லாததால் பெட்டி மேகசினில் ஒன்றன்மேல் ஒன்று சிக்காமல் அடுக்க முடியும், வேகமாக ஏறும்.

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு 1900-களின் தொடக்கத்தில் இரண்டும் வேண்டியிருந்தது: மேகசின் ரைபிளில் ஓட வேண்டும், கார்டைட் மருந்துக்கும் ஒத்துவர வேண்டும். கார்டைட் என்பது பொடியல்ல. நூடுல்ஸ் போன்ற நீளக் குச்சிகள். அந்தக் கட்டைக் கூட்டுக்குள் இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் கழுத்தைக் குறுக்குவார்கள். அதற்கேற்ப கூடு நீளமாக, மெதுவாகச் சரிந்து ஒடுங்கும் வடிவத்தில் இருந்தது. தோள் என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாத மெல்லிய சரிவு. அதில் முட்டி நிற்கும் என்று நம்ப முடியாது. எனவே அடிக்குச் சற்று மேலே ஒரு பட்டையை விட்டுக் கடைந்தார்கள். விளிம்பின் வேலையை அது செய்யும், மேகசினில் சிக்கவும் சிக்காது. 1905-இல் .400/.375 என்ற தோட்டாவில் வந்த இந்த யோசனை, 1912-இல் .375 மேக்னத்தில் (மேக்னம் என்பது அதிக மருந்து கொண்ட, வலுமிக்க தோட்டாவுக்கான பெயர்) பெயர் வாங்கியது. உங்கள் பெட்டியில் அகப்பட்டவை அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

பட்டையின் விட்டம் 0.532 அங்குலம். அதற்குச் சற்று முன்னால் கூட்டின் விட்டம் சுமார் 0.513. பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் படி. நகத்தால் வருடினால் தட்டுப்படும், அவ்வளவுதான். அதன் உட்புறமோ கெட்டிப் பித்தளை. கூட்டின் அடிப்பாகம் முழுவதும் திடமான கட்டியாக இருக்கும். பட்டை அந்தக் கட்டியின் மேல் ஓடுகிறது. ஏற்கெனவே பலமாக இருக்கும் இடத்தில் அது பலம் சேர்க்கவில்லை, பலம் தேவைப்படும் இடத்தில் அது இல்லை. ‘பட்டை போட்டது, அதனால் வலுவானது’ என்ற நம்பிக்கைக்கு விளம்பரங்கள் ஒரு காரணம், பெயரின் கம்பீரம் இன்னொரு காரணம். 1956-இல் வின்செஸ்டர் .458 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது பட்டைக்கு நியாயம் இருந்தது; அந்தக் கூட்டுக்குத் தோளே கிடையாது. 1958-இல் வந்த .338, 1962-இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன், 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் இவற்றுக்கெல்லாம் நல்ல அழுத்தமான தோள் இருக்கிறது. அங்கே பட்டை அலங்காரம் என்பதே என் அபிப்பிராயம். ஏற்கெனவே இருந்த கூட்டை வெட்டிச் செய்தார்கள், வாங்குகிறவர்களும் பட்டையைக் கண்டால்தான் மேக்னம் என்று ஒப்புக்கொண்டார்கள். 2007-இல் வந்த .375 ரூகரிலும் 2022-இல் வந்த 7 மி.மீ. பி.ஆர்.சி.யிலும் பட்டையை எடுத்தேவிட்டார்கள். ஒரு குறையும் வரவில்லை.

மறுபடி நிரப்புகிறவனுக்குப் பட்டையால் வரும் தொல்லை எங்கே என்றால், ஆட்டத்தில். அமெரிக்கத் தரஅளவுப்படி, போல்ட்டின் முகத்திலிருந்து பட்டை நிற்கும் இடம் வரை அறையின் ஆழம் 0.220 அங்குலம் முதல் 0.227 வரை இருக்கலாம். தோட்டாவின் பட்டையோ 0.220 முதல் 0.212 வரை இருக்கலாம். ஆழமான அறையும் மெலிந்த பட்டையும் சேர்ந்துவிட்டால் 0.015 அங்குலம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தோட்டா முன்னும் பின்னும் ஆடும். இது பட்டையில் உள்ள ஆட்டம். தோளில் உள்ள இடைவெளி இதைவிடவும் அதிகமாக இருக்கலாம். நிறுத்துவது பட்டை என்று ஆன பிறகு தோள் எங்கே இருந்தால் என்ன என்று அறையைத் தாராளமாகக் கடைந்துவிடுவார்கள்.

சுடும்போது நடப்பதைப் பாருங்கள். ஊசி கேப்பை (கூட்டின் அடியில் உள்ள, அடிபட்டால் பொறி தரும் சிறு மூடி) அடித்ததும் கூடு முன்னால் தள்ளப்பட்டு பட்டையில் நிற்கிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறியதும், மெல்லிய முன்பாகச் சுவர் விரிந்து அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. அடிக்கட்டியோ கெட்டியானது, அது பற்றிக்கொள்ளாது. போல்ட்டின் முகத்தை நோக்கிப் பின்னால் போகிறது. தோள் முன்னால் ஊதப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் இழுபடுவது எது? மெல்லிய சுவரும் கெட்டியான அடியும் சேரும் இடம், பட்டைக்குச் சற்று முன்னால். ஒரு முறை சுட்டால் அங்கே கொஞ்சம் மெலியும். அதோடு விட்டால் கெடுதல் இல்லை. சுட்ட கூட்டின் தோள் இப்போது அந்த அறைக்கு ஏற்றபடி முன்னால் வந்துவிட்டது. ஆனால் நிரப்புகிறவன் அந்தக் கூட்டை டைக்குள் விட்டுப் பழைய அளவுக்கு அழுத்துகிறான். டையோடு வரும் தாளில், டையைக் கீழே முட்டும் வரை இறக்கி இன்னும் கொஞ்சம் திருப்பு என்று பொதுவாகப் போட்டிருக்கும். அப்படியே செய்தால் தோள் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. அடுத்த முறை சுடும்போது அதே இடத்தில் மறுபடி இழுபடுகிறது. மூன்றாவது, நான்காவது முறையிலேயே கூடு இரண்டாகப் பிய்ந்ததைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். முன்பாதி அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், பின்பாதி மட்டும் போல்ட்டோடு வெளியே வரும். .375-க்கு அமெரிக்கத் தரஅளவு ஒப்பும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கும் மேல். அந்த வாயு பிளவின் வழியாகப் பின்னால் வரும்போது, சுடுகிறவரின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. நவீன ரைபிள்களில் வாயுவைத் திருப்பிவிட ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். எல்லா நேரமும் கண் தப்பும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதைத் தெரிந்துகொண்ட நிரப்பாளர்கள் பட்டையைப் பொருட்படுத்தாமல், தோளில் நிற்கும்படி கூட்டைத் தயார் செய்கிறார்கள். சுட்ட கூட்டின் தோளில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, டையைச் சிறிது சிறிதாக இறக்கி, தன் ரைபிளில் போல்ட் மூடும்போது விரலுக்கு மட்டும் தெரிகிற அளவு இறுக்கம் இருக்கும் இடத்தில் நிறுத்துவார்கள். தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ மட்டும் பின்தள்ளினால் போதும். அப்படிச் செய்த கூடு பல முறை தாங்கும். எத்தனை முறை என்று ஓர் எண் சொல்ல மாட்டேன்; அழுத்தம், பித்தளையின் தரம், அறையின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது. எண்ணுவதைவிடத் தடவிப் பார்ப்பதே வழக்கம். மெல்லிய எஃகுக் கம்பியின் நுனியை ஊசியாக்கி, சற்று வளைத்து, கழுத்து வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரோடு இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில், பட்டை முடியும் இடத்துக்கு நேர் உள்ளே, நுனி ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து ஏறும். வெளியே அதே உயரத்தில் பளபளப்பான மெல்லிய வளையம் தெரிந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளம் தட்டுப்பட்ட கூட்டை இடுக்கியால் நசுக்கி எறிய வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்ற ஆசையை அதோடு சேர்த்து நசுக்க வேண்டும். டெக்ஸாஸில் அந்த ஆசைக்கு ஆளானவர்கள்தான் கூட்டின் முன்பாதியை அறைக்குள் விட்டுக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள்.

இது வரை சொன்னது நல்ல, புதிய பித்தளைக்கு. உங்கள் படத்தில் இருப்பவை வேறு ஜாதி. கைனாக் கூடுகளில் பெரும்பாலானவை பெர்டான் வகைக் கேப்புக்கானவை. அடியில் உள்ளே, நடுவில் சிறு முனை புடைத்திருக்கும், அதன் பக்கங்களில் இரண்டு நுண்துளைகள். இன்று நிரப்புகிறவர்கள் பயன்படுத்துவது பாக்ஸர் வகை. நடுவில் ஒரே துளை, டையின் ஊசி அதன் வழியாகப் பழைய கேப்பைத் தள்ளிவிடும். பெர்டான் கூட்டில் அந்த ஊசி நடு முனையில் மோதி உடையும். வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். இரண்டு நாடுகளும் அடுத்தவன் சரக்கை எடுத்துக்கொண்டன. வெற்றுக் கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். படத்தை வைத்து நான் சொல்வது அனுமானம்தான்.

அடுத்தது கேப்பின் ரசாயனம். அந்தக் காலத்துக் கேப்புகளில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும்; சுட்ட பிறகு குழலில் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுத்து அரிக்கும். பல கேப்புகளில் பாதரசமும் இருந்தது. சுடும்போது அது பித்தளையோடு கலந்து, கூட்டை உள்ளூர நொறுங்கலாக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்கும் அகப்படாது. ஒரு முறை பாதரசக் கேப்பால் சுடப்பட்ட கூட்டை மறுபடி நிரப்பக் கூடாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

படத்தில் மூன்று நான்கு தோட்டாக்களின் கழுத்தில் நெடுகிலும் முடி போன்ற கீறல் தெரிகிறது. யாரும் சுடாமலேயே வெடித்த கீறல் அது. பித்தளையை அழுத்தி வடிவமைக்கும்போது உள்ளே தங்கிவிடும் இழுவிசையும், காற்றில் உள்ள அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் இப்படிப் பிளக்கும். வெள்ளைக்காரன் ராணுவம் இதை இந்தியாவில்தான் கண்டது: மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தானாகவே பிளந்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்பதை 1921-இல்தான் ஆராய்ந்து எழுதினார்கள். உங்கள் மேல்மாடி அறையில் குதிரை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த வளவு வீட்டின் மேல்மாடியில் யார் குடியிருப்பார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வௌவால் எச்சத்திலும் அமோனியா உண்டு. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி பித்தளைக்கும் கேடு. தோட்டாப் பெட்டிக்கு அருகில் எச்சம் கிடந்ததா என்று பாருங்கள். கிடந்தால் என் ஊகம் உறுதி.

சுடாத தோட்டாக்களின் உள்ளே இருப்பது கார்டைட்டாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. கார்டைட் நைட்ரோகிளிசரினும் துப்பாக்கிப் பஞ்சும் வாஸ்லினும் கலந்தது. நம் நீலகிரியில் அரவங்காட்டில் 1903-இல் தொடங்கிய தொழிற்சாலை இதற்காகவே கட்டப்பட்டது, பெயரிலேயே கார்டைட் இருக்கிறது. குளிரான இடத்தைத் தேர்ந்தது வீணல்ல. கார்டைட்டுக்கு வெயில் ஆகாது. சூடேறினால் அழுத்தம் எகிறும் என்பதால், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மருந்தைக் குறைத்து ‘டிராபிக்கல்’ தோட்டா என்று தனியாகவே செய்தார்கள். செட்டிநாட்டு வீட்டின் கீழ்த்தளம் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லுமாகச் சித்திரையிலும் சில்லென்று இருக்கும். ஓட்டுக்கு நேர்கீழே உள்ள மேல்மாடி அறை அப்படியல்ல. பல பத்தாண்டுக் கோடையைத் தின்ற மருந்து உள்ளே எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நன்றாகவும் இருக்கலாம், கெட்டும் போயிருக்கலாம். குண்டைப் பிடுங்கி மருந்தைக் கொட்டிப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது.

மறுபடி நிரப்பும் திட்டத்துக்கு வருவோம். லைசென்ஸ் உங்கள் பெயருக்கு வந்தாலும், அது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் வருகிறது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாமல் தயாரித்தால் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் வரை தண்டனை. ‘சொந்த உபயோகத்துக்கு நாலு தோட்டா நிரப்பினேன், அது தயாரிப்பா?’ என்று வாதாட ஒரு வழக்கறிஞர் கிடைக்கலாம். அந்த வாதம் எடுபடுமா என்று சோதித்துப் பார்க்கும் ஆளாக நீங்கள் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. பங்காளி மருந்தைப் பெட்டியில் கொண்டுவருவது இன்னும் மோசம். விமானத்தில் பயணியின் எந்தப் பையிலும் துப்பாக்கி மருந்துக்கு இடமில்லை, கேப்புக்கும் இல்லை. ஹூஸ்டனில் கடைச் சரக்காக அலமாரியில் இருக்கும் பொருள், சென்னை விமான நிலையத்தில் வெடிபொருள். அவர் அங்கே செய்வது அங்கே சட்டப்படி சரி, பழக்கமான பொழுதுபோக்கு. அதை இங்கே தூக்கிவரும்போதுதான் எல்லாம் மாறுகிறது.

ரைபிள் மேல் உங்களுக்கு உள்ள பற்று புரிகிறது. அதற்கு வழி உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், இறந்த லைசென்ஸ்தாரரின் சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் தர இடம் கொடுக்கின்றன. பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டத்தில் வருவதால் விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரங்களும் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்களுக்கு இழுபறி. அப்பா பெயரில் லைசென்ஸ் இருந்ததால் உங்கள் உடன்பிறந்தாரும் அம்மாவும்தான் வாரிசு. ஐயா வழியில் வந்த எல்லாப் பங்காளிகளும் அல்ல. ஆனால் ‘ஐயா வாங்கிய துப்பாக்கி, எனக்கும் பங்கு உண்டு’ என்று ஒருவர் மனு எழுதிப் போட்டால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். வீட்டில் அறை பிரித்துக்கொண்டது போல இதைப் பிரித்துக்கொள்ள முடியாது. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) திருமணத்துக்கோ எல்லாரும் கூடும்போது பேசி, எழுதி வாங்கிவிடுங்கள். 2019 திருத்தப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், யார் பெயருக்கு வாங்குவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் வந்த பிறகும் நேராகத் தோட்டா தேடாதீர்கள். ‘.375’ என்ற எண் மட்டும் போதாது. அதே எண்ணில் விளிம்பு வைத்த .375 பிளாஞ்ச்டு மேக்னம் இருக்கிறது, அதற்கும் முந்தைய இரண்டரை அங்குல நைட்ரோ எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. உங்கள் ரைபிள் இரட்டைக் குழலாக இருந்தால், விளிம்பு வைத்த தோட்டாவுக்கானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெட்டியில் கிடைத்த பட்டைத் தோட்டா வேறொரு துப்பாக்கியினுடையதாகக்கூட இருக்கலாம். ஐயாவிடம் இரண்டு இருந்ததா என்று அப்பத்தாவைக் கேளுங்கள். குழலின் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கும். பழைய பிரிட்டிஷ் ரைபிள்களில் கார்டைட்டின் உச்ச அளவும் குண்டின் எடையும் அங்கேயே பொறித்திருக்கும். அந்த அளவு கார்டைட்டுக்கு மட்டுமே பொருந்தும், வேறு எந்த மருந்துக்கும் அதைப் பெயர்த்துப் போடக் கூடாது. டீலரிடம் சொல்லி, லைசென்ஸ் உள்ள பட்டறையில் அறையின் அளவையும் போல்ட்டின் பூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குழல் உப்பில் அரித்துப் போயிருந்தால் அதோடு சுடும் பேச்சை விட்டுவிடலாம். நல்ல நிலையில் இருந்தால், ஆலையில் செய்த தோட்டா கிடைக்கும் வரை காத்திருங்கள். உள்நாட்டில் எளிதாகக் கிடைப்பது .315-உம் 12 போரும்; .375-க்கு டீலர் கையை விரிப்பார், கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டும். எனக்குக் கேட்டால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்த ரைபிளுக்கு இந்த நாட்டில் வேலை என்று பெரிதாக ஏதுமில்லை. சுத்தம் செய்து எண்ணெய் போட்டு, சட்டப்படி வைத்திருப்பதே போதும் என்பேன். வெற்றுக் கூடுகளும் நினைவுக்கு வைத்துக்கொள்ள நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றையும் பட்டியலில் சேர்த்துக் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன் பங்காளிக்கும் ஒரு சேதி சொல்லுங்கள். அவர் அங்கே நிரப்புவது பட்டை போட்ட மேக்னம் என்றால், டையை அடி முட்டும் வரை இறக்குகிறாரா, தோளை அளந்து நிறுத்துகிறாரா என்று கேளுங்கள். முதலாவது என்றால், அடுத்த முறை சுடுவதற்கு முன் தன்னிடம் உள்ள கூடுகள் எல்லாவற்றுக்குள்ளும் அந்த வளைந்த கம்பியை விட்டுப் பார்க்கட்டும்.